மிதித்ததற்கும் பாய்ந்ததற்கும் இடையில்

ஒரு டர்போ கார் எத்தனை குதிரைத்திறன் தரும் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். மிதித்து எவ்வளவு நேரம் கழித்து அந்தத் திறன் வந்து சேரும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. விற்பனைத் தாளில் முதல் எண் கொட்டை எழுத்தில் இருக்கும். இரண்டாவது எண் எங்கும் அச்சாவதில்லை. ஆனால் காரைக்குடியிலிருந்து திருமயத்துக்கோ தேவகோட்டைக்கோ போகும் வழியில், வைக்கோல் ஏற்றிய லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டு, எதிர்ப்புறம் காலியாகக் கிடைக்கும் சில விநாடிகளுக்குள் முந்த வேண்டியிருக்கும்போது நம் உயிரைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது எண்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். எதிரே வருபவரும் அதே வேகத்தில் வந்தால் இடைவெளி விநாடிக்கு 44 மீட்டர் சுருங்குகிறது. டர்போ லேக் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாமதம் வெறும் ஒரு விநாடி என்றாலும் அதன் நீளம் இவ்வளவு.

டர்போ என்பது ஒரு தண்டின் இரு முனைகளில் பொருத்தப்பட்ட இரண்டு சக்கரங்கள். சிலிண்டரில் எரிந்து வெளியேறும் புகை ஒரு முனையிலுள்ள டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது; மறுமுனையிலுள்ள கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, அதனால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம், இழுவை கூடும். இதில் ஒரு வட்டம் இருக்கிறது. நிறையப் புகை வர வேண்டுமானால் நிறையக் காற்று உள்ளே போக வேண்டும். நிறையக் காற்று உள்ளே போக டர்போ வேகமாகச் சுற்ற வேண்டும். டர்போ வேகமாகச் சுற்ற நிறையப் புகை வர வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இந்த வட்டம் தன்னைத் தானே படிப்படியாக ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. போதாததற்கு, கம்ப்ரஸருக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள குழாய்களும் இன்டர்கூலரும் அழுத்தக் காற்றால் நிரம்பியாக வேண்டும். பம்புசெட்டைப் போட்டவுடன் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்துவிடாது, வாய்க்கால் நிறைந்த பிறகுதான் வரும் என்பதைப் போல.

இந்தத் தாமதம் டர்போவின் பிறவிக் குணம் என்பதையும், அது பிறந்த இடத்தில் யாருக்கும் அது தொந்தரவாக இருந்ததில்லை என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி இதற்கான காப்புரிமையைப் பெற்றது 1905இல். 1920களில் ஜெர்மானியப் பயணிக் கப்பல்களின் டீசல் என்ஜின்களில் இது பொருத்தப்பட்டு, 1,750 குதிரைத்திறன் தந்த என்ஜின்கள் 2,500 தரத் தொடங்கின. அதற்கும் முன்பே, 1918இல், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ், அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஒரு லிபர்ட்டி விமான என்ஜினைக் கொண்டுபோய், 4,300 மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்றிலும் டர்போவின் துணையோடு அது தரைமட்டத் திறனை இழக்காமல் ஓடும் என்று காட்டினார். இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் டர்போ இல்லாதவை அரிது. செட்டிநாட்டில் அந்தப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இன்றும் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வருவதுண்டு. விமானமோ கப்பலோ ஒருமுறை வேகம் பிடித்தால் மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடுபவை, அங்கே ஒரு விநாடித் தாமதத்துக்குக் கணக்கே இல்லை. விநாடிக்கு விநாடி காலை எடுத்து, மறுபடி மிதித்து, ஒவ்வொரு முறையும் உடனடியாகப் பதில் கேட்கும் வாகனம் ஸ்போர்ட்ஸ் கார். சீராக ஓடும் என்ஜினுக்காகப் பிறந்த ஒரு கருவியைச் சீரே இல்லாத வேலைக்குக் கொண்டுவந்தோம். டர்போ கார்களின் அறுபது ஆண்டுக்கும் மேலான வரலாறு முழுவதும் அந்த முரண்பாட்டைச் சரிக்கட்டும் முயற்சிதான்.

காரைக்குடியில் நான் வழக்கமாகப் போகும் பட்டறையில், பழுதான டர்போ ஒன்றை மெக்கானிக் அண்ணன் மேசைமேல் கழற்றிப் போட்டிருந்தபோது அதன் தண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். டர்பைன் பக்கம் புகை படிந்து சாம்பல் நிறத்தில் கனமாக இருந்தது. கம்ப்ரஸர் பக்கம் அலுமினியம், விரல் நுனியால் தள்ளினால் அசையும் அளவுக்கு லேசு. தண்டின் நடுவில், எண்ணெய் ஓட வேண்டிய இடத்தில், கருகிய எண்ணெய் ஓடாக ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக் காட்டி, "வேகமா ஓட்டிட்டு வந்து உடனே சாவியத் திருப்பிடுறாங்க தம்பி, சூட்டுல எண்ணெ அங்கேயே வெந்துபோயிடுது" என்றார். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம், ஒன்றரை லட்சம், சிறிய டர்போக்களில் இரண்டு லட்சம் சுற்றுகள்கூடச் சுற்றுகின்றன. அந்த வேகத்தை எட்ட எடுக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி வேகம் மாறுவதைச் சக்கரம் எதிர்க்கும் அளவு. ஒரே வடிவமுள்ள சக்கரத்தின் விட்டத்தைக் கூட்டினால் அது ஐந்தாம் அடுக்கில் கூடுகிறது: 40 மில்லிமீட்டர் சக்கரத்தை 60 ஆக்கினால் விட்டம் ஒன்றரை மடங்கு, நிலைமம் ஏறத்தாழ ஏழரை மடங்கு. அதிகத் திறன் வேண்டும் என்று பெரிய டர்போவைப் போடுகிறவர்கள் எதை விலையாகக் கொடுக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் எதற்கெடுத்தாலும் "டர்போ லேக்" என்று சொல்லிவிடுகிறார்கள். என்ஜின் சுற்று மிகக் குறைவாக இருக்கும்போது, எவ்வளவு நேரம் மிதித்துக்கொண்டே இருந்தாலும் டர்போவைச் சுழற்றப் போதுமான புகை வருவதில்லை; 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட்டை ஓட்டியவர்கள் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே "பிக்கப்பே இல்லை, அதுக்கு மேல தூக்கும்" என்று சொல்வது இதைத்தான். அது டர்போ வேலை தொடங்கும் எல்லை. லேக் என்பது வேறு: போதுமான சுற்றில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, திடீரென்று மிதித்தால் அழுத்தம் ஏற எடுத்துக்கொள்ளும் நேரம். முதலாவதற்கு மருந்து கீழ் கியர், இரண்டாவதற்கு அது முழு மருந்தாகாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கீழ் கியரைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தையும், மைலேஜுக்காக மந்தமாக அமைக்கப்பட்ட எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டரையும் டர்போவின் கணக்கில் எழுதுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

என் சித்தப்பா மகன் தன் டர்போ பெட்ரோல் காரில் முன்கண்ணாடி ஓரமாக, என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு பூஸ்ட் மீட்டர் வாங்கிப் பொருத்தியிருக்கிறான். கானாடுகாத்தானைத் தாண்டியதும் வரும் நேர்ச்சாலையில், மூன்றாம் கியரில், 3,000 சுற்றில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது "இப்ப பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு முழுவதும் மிதித்தான். சீராகப் போகும்போது பூஜ்யத்துக்குக் கீழே, வெற்றிடப் பக்கத்தில் நின்ற முள், மிதித்த மாத்திரத்தில் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. அதுவரை தாமதமே இல்லை, காற்றுக் கதவு திறந்ததும் வெளிக்காற்று உள்ளே நிறைந்துவிட்டது. பிறகு முள் பூஜ்யத்தில் ஒரு கணம் தயங்கி, மெதுவாகக் கிளம்பி, பாதிக்கு மேல் விறுவிறுவென ஏறி ஒரு பார் அழுத்தத்தில் போய் நின்றது. முதுகு இருக்கையில் அழுந்தியது அப்போதுதான். தாமதம் எங்கே பிறக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் விளக்கி நான் பார்த்ததில்லை. ஏறுவது சமச்சீராக ஏறவில்லை, ஏற ஏற வேகம் கூடுகிறது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். பழைய டர்போ கார்களை ஆபத்தானவையாக ஆக்கியது அந்த வளைவுதான்.

1973இல் பிஎம்டபிள்யூ 2002 டர்போவும், 1975இல் போர்ஷே 911 டர்போவும் வந்தபோது, அமுக்கிய காற்றால் என்ஜினில் நாக்கிங், அதாவது எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது, வந்துவிடக்கூடாதே என்பதற்காக, சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் கம்ப்ரஷன் விகிதத்தை வெகுவாகக் குறைத்திருந்தார்கள்: பிஎம்டபிள்யூவில் 6.9, போர்ஷேயில் 6.5. அப்படிக் குறைத்தால் டர்போ விழிக்கும் வரை அந்த என்ஜின் சாதாரண என்ஜினைவிடவும் சோம்பேறி. முதல் 911 டர்போவில் 3 லிட்டர் என்ஜின், 260 குதிரைத்திறன், நான்கே கியர்கள். கியர்களுக்கு இடையிலான இடைவெளி பெரிதாக இருந்ததால் மேல் கியருக்கு மாற்றும்போது சுற்று விழுந்து, டர்போவின் எல்லைக்கு அருகே போய்விடும். என்ஜினோ பின் அச்சுக்கும் பின்னால். வளைவுக்குள் நுழைந்த ஓட்டுநர் மிதிக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் மிதிக்கிறார், வளைவின் நடுவில், ஸ்டீயரிங் திரும்பியிருக்கும்போது, மொத்தத் திறனும் பின்சக்கரங்களுக்கு ஒரே பாய்ச்சலாக வந்து சேருகிறது. பயந்துபோய்க் காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, லேசாகிப்போன பின்பகுதி வெளியே வீசுகிறது. இந்தக் காருக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளில் "விதவையாக்கி" என்ற பட்டப்பெயர் வந்ததற்கு இதுவே காரணம்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இதுதான்: தாமதத்தின் நீளத்தைவிடத் தாமதத்தின் நம்பகத்தன்மை முக்கியம். அரை விநாடி என்றால் எப்போதும் அரை விநாடி, மிதித்த அளவுக்கே இழுவை என்று ஒரு கார் நடந்துகொண்டால், அதை இரண்டு நாளில் கால் பழகிக்கொள்ளும். வளைவு முடிவதற்குச் சற்று முன்பாகவே மிதிக்கத் தொடங்கிவிடும். 1980களின் ஃபார்முலா 1 ஓட்டுநர்கள், ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டிய 1.5 லிட்டர் என்ஜின்களை இப்படித்தான் ஓட்டினார்கள். ஒரு முறை அரை விநாடி, இன்னொரு முறை ஒன்றரை, அதன் முடிவில் எவ்வளவு வரும் என்றும் தெரியாது என்றால், அந்தக் காரை எவ்வளவு திறமைசாலியும் நிம்மதியாக ஓட்ட முடியாது.

இதை முதலில் புரிந்துகொண்டது ஸ்வீடனின் சாப் நிறுவனம் என்பது என் எண்ணம். 1977இல் அவர்கள் காட்டிய 99 டர்போவின் 2 லிட்டர் என்ஜின் 145 குதிரைத்திறன்தான் தந்தது. சிறிய டர்போவைப் போட்டு, அழுத்தம் அளவு மீறாமல் வேஸ்ட்கேட் என்ற வால்வு மூலம் உபரிப் புகையை வெளியேற்றி, அன்றாடச் சாலையில் பயன்படும் நடுத்தரச் சுற்றுகளில் இழுவையைக் கொண்டுவந்தார்கள். உச்ச எண்ணைத் தியாகம் செய்துவிட்டு ஓட்டுநரின் காலைப் பற்றி யோசித்த கார் அது. இன்று நம் ஊரில் ஓடும் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் அனைத்தும் அந்த வழியில் வந்தவையே.

மற்றவர்கள் இரண்டையும் விடமாட்டோம் என்று கிளம்பினார்கள். போர்ஷே 959இல் தொடர்வரிசை டர்போ: குறைந்த சுற்றில் ஒன்று மட்டும் முழுப் புகையையும் வாங்கிக்கொண்டு வேகம் பிடிக்கும், மேலே போனதும் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். மாஸ்டா ஆர்எக்ஸ்-7, டொயோட்டா சுப்ரா ஆகியவையும் 1990களில் இதையே செய்தன. வால்வுகளும் வெற்றிடக் குழாய்களும் பின்னிப் பிணைந்த அந்த அமைப்பு வயதானால் பராமரிப்பவரை அழவைக்கும். டுவின் ஸ்க்ரோல் முறை எளிமையானது, எனக்குப் பிடித்தமானது: நான்கு சிலிண்டர்களில் 1, 4 ஒரு பாதையிலும், 2, 3 இன்னொரு பாதையிலும் புகையை விடுவதால் ஒரு சிலிண்டரின் துடிப்பு இன்னொன்றின் துடிப்பைக் கெடுப்பதில்லை, ஒவ்வொரு துடிப்பும் முழு பலத்தோடு சக்கரத்தில் மோதுகிறது. 2014இல் வந்த மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி, இரண்டு டர்போக்களையும் வி-8 என்ஜினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலேயே வைத்துப் புகை நடக்கும் தூரத்தைச் சுருக்கியது. 2015இன் ஃபெராரி 488இல் டர்பைன் சக்கரத்தை டைட்டானியம் அலுமினைடால் செய்தார்கள். வழக்கமான நிக்கல் உலோகக் கலவையில் ஏறத்தாழப் பாதி எடைதான்.

இவற்றுள் எனக்கு மிகவும் மதிப்புள்ளது 2006இன் 911 டர்போவில் வந்த மாறும் வடிவ டர்பைன். டர்பைனைச் சுற்றிச் சிறு இலைகள் வட்டமாக நிற்கின்றன. புகை குறைவாக இருக்கும்போது அவை நெருங்கி இடைவெளியைச் சுருக்க, புகை வேகம் பிடித்துச் சக்கரத்தில் அறைகிறது. புகை பெருகியதும் அவை விலகி வழிவிடுகின்றன. ஒரே டர்போ சிறிதாகவும் பெரிதாகவும் நடந்துகொள்கிறது. டீசல் கார்களில் இது அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே உண்டு. பெட்ரோல் என்ஜினின் புகை 1,000 டிகிரியை நெருங்குவதால், அந்தச் சூட்டில் வளையாமல், சிக்கிக்கொள்ளாமல் அசையும் இலைகளைச் செய்வதுதான் சிரமம். விமான என்ஜின்களுக்கான உலோகக் கலவைகளை நாடி போர்க்வார்னர் நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது.

சூட்டைப் பற்றிப் பேசும்போது எங்கள் சீமையின் வெயிலை விட்டுவிட முடியாது. சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரி என்பது செய்தியே இல்லை. 20 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்றில் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், அதற்கு இன்னும் சற்று நேரம் வேண்டும். அந்தக் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால் கம்ப்ரஸரை விட்டு வெளியேறும்போது 130 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. இன்டர்கூலர் அதைக் குளிர்விக்க எடுத்துக்கொள்வதும் அதே 40 டிகிரிக் காற்றைத்தான். நாக்கிங் வரும் அறிகுறி தெரிந்ததும் கணினி தீப்பொறியைப் பின்தள்ளி இழுவையைக் குறைத்துவிடும். போதாக்குறைக்கு ஏசி கம்ப்ரஸர் வேறு, டர்போ விழிக்காத சுற்றுகளில் சிறிய என்ஜினின் திறனில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. ஐரோப்பாவின் குளிரில் ஓட்டிப் பார்த்து எழுதியதை இங்கே மே மாத மதியத்தில் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

வண்டிக்கு வயதாகும்போது கூடும் தாமதமும் உண்டு. சித்தப்பா மகனின் கார் ஒரு கட்டத்தில் மிகவும் மந்தமாகிவிட, டர்போவே போய்விட்டது, புதிதுக்குப் பெருந்தொகை ஆகும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். பட்டறை அண்ணன் பானெட்டைத் திறந்து, இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து, விரலால் மடக்கிக் காட்டினார். கிளிப்புக்கு ஒட்டினாற்போல் எண்ணெய்க் கசிவும், அதில் அப்பிய செம்மண்ணும், அதற்குள் ஒளிந்திருந்த நகக்கீறல் அளவு பிளவும் தெரிந்தன. "டர்போ போகல தம்பி, காத்துதான் போகுது" என்றார். ஹோஸ் மாற்றியதும் முள் பழையபடி ஏறியது. செம்மண் புழுதியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரும் அதே அளவு முக்கியம்; கம்ப்ரஸர் இழுக்கும் காற்றை முதலில் தடுப்பது அதுவே.

பந்தயக்காரர்கள் தாமதத்தை முரட்டுத்தனமாகவே கொன்றார்கள். 1990களின் ராலி கார்களில், காலை எடுத்த பிறகும் எரிபொருளையும் காற்றையும் விட்டு, எக்ஸாஸ்ட் குழாய்க்குள்ளேயே எரிய வைத்து டர்பைனைச் சுழலவைத்தார்கள். வளைவுக்கு வளைவு கேட்ட அந்த வெடிச்சத்தம் அதனால் வந்தது. டர்போ வெகு சீக்கிரம் வெந்துபோகும் என்பதால் சாலைக் காருக்கு அது ஒத்துவராது. சாலைக்கு ஒத்துவந்தது மின்சாரம். ஃபார்முலா 1இல் 2014 முதல் டர்போ தண்டோடு ஒரு மின்மோட்டாரை இணைத்தார்கள், காலை எடுத்தாலும் அது சக்கரத்தைச் சுழலவைத்தது. 2026 விதிகளில் அந்த மோட்டார் நீக்கப்பட்டிருக்கிறது. சாலையிலோ அது இப்போதுதான் வருகிறது: 2022இல் ஏஎம்ஜி, 2024இல் 911 கரேரா ஜிடிஎஸ். ஜிடிஎஸ்ஸில் 400 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் ஒரே டர்போ, வேஸ்ட்கேட்கூடக் கிடையாது. உபரிப் புகையை வெளியே விடாமல், மோட்டாரே ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தை அடக்கி மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. மின்வேதியியலுக்கென்றே 1953இல் திறக்கப்பட்ட மத்திய ஆய்வகத்தை ஊருக்குள் வைத்திருக்கும் காரைக்குடிக்காரனான எனக்கு, டர்போவின் பிறவிக் குணத்தை மாற்றியது கடைசியில் பேட்டரிதான் என்பதில் தனி மகிழ்ச்சி.

ஆனாலும் ஃபெராரி 488இல் செய்த ஒரு காரியத்தை நான் இதைவிட உயர்வாக நினைக்கிறேன். அந்த என்ஜினின் முழு முறுக்குவிசையான 760 நியூட்டன் மீட்டர் ஏழாம் கியரில் மட்டுமே கிடைக்கும். கீழ் கியர்களில் கணினி வேண்டுமென்றே குறைத்து, சுற்று ஏற ஏற இழுவையும் சீராக ஏறும்படி வடிவமைத்திருக்கிறது. இருக்கும் திறனை மறைத்துவைக்கிறார்கள் என்று குறைப்பட்டவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. காலுக்குப் புரியாத வடிவில் வரும் 760ஐவிட, மிதித்த அளவுக்கு வரும் 600 ஓட்டுநருக்குச் சொந்தமானது.

கல்யாணக் காலங்களில் சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருபவர்களின் கார்களைப் பார்த்து ஆசைப்பட்டு, பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க நினைக்கும் தம்பிமார் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: காலைக் குளிரில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு, ஏசி போட்டு, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, வாகனமில்லாத நேர்ச்சாலைக்குக் கொண்டுபோங்கள். கியரை நம் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் கியரில் 1,500 சுற்றிலிருந்து ஒரு முறை முழுவதும் மிதியுங்கள், டர்போ விழிக்கும் எல்லை தெரிந்துவிடும். பிறகு 3,000இல் நிதானமாகப் போய்க்கொண்டிருந்து மிதியுங்கள். இப்போது தெரிவதுதான் லேக். அதையே நாலைந்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள். முறைக்கு முறை மாறினால் ஹோஸ், வேஸ்ட்கேட், ஏர் ஃபில்டர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில் வண்டியை நிறுத்தியதும் ஒரு நிமிடம் என்ஜினைச் சும்மா ஓடவிட்டு, அதன் பிறகு சாவியைத் திருப்புங்கள்.